புது கார், 2வது சிலிண்டர் மிஸ்ஸிங்: ப்ளக் கறுத்தது காரணமா, விளைவா?

தாம்பரம்_பயணி

அனைவருக்கும் வணக்கம். வண்டி 1.2 லிட்டர் பெட்ரோல், 4 சிலிண்டர், போர்ட் இன்ஜெக்‌ஷன், டர்போ கிடையாது, பிஎஸ்6 இரண்டாம் கட்டம். ஓடியது 9,000 கி.மீ. சொச்சம். ரயில்வே ஸ்டேஷன், ஸ்கூல், மார்க்கெட் என்று இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே சுற்றுகிற வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஸ்டியரிங் வரைக்கும் அதிர்கிறது, கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுகிறது. மேம்பாலம் ஏறும்போது மூன்றாவது கியரில் மிதித்தால் இழுவை விட்டு விட்டு வருகிறது. அப்படி ஒரு ஏற்றத்தில் செக் எஞ்சின் விளக்கு மின்னிவிட்டு, பிறகு நிலையாக எரிய ஆரம்பித்தது.

ஸ்கேனரில் வந்த பழுதுக் கோடு பி0302 மட்டும் (2வது சிலிண்டர் மிஸ்ஸிங், அதாவது தீ பிடிக்காமல் விடுவது). ஃப்ரீஸ் ஃப்ரேமில் (பழுது பதிவான நொடியின் அளவுகள்) 1,900 ஆர்பிஎம், லோடு 78%, கூலன்ட் 52 டிகிரி, லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (பெட்ரோல் அளவில் எஞ்சின் கணினி செய்யும் திருத்தம்) -4%. சர்வீஸ் சென்டரில் நான்கு ப்ளக், நான்கு காயில் (ப்ளக்குக்கு உயர் வோல்ட் கொடுப்பது) மாற்ற எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். ப்ளக் தேய்மானப் பொருள், வாரன்டியில் வராதாம். மாற்றுவதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

ஓபிடி_கண்

முதலில் அந்த விளக்கு. நிலையாக எரிந்தால் புகை அளவு கூடுகிறது, சீக்கிரம் பாருங்கள் என்று பொருள். மின்னினால் கதை வேறு. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. உள்ளே இருக்கும் செராமிக் அடுக்கு உருகும் அளவுக்குச் சூடு ஏறலாம். மின்ன ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரைத் தளர்த்துங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் ஓரம்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். நான்கு ப்ளக்கின் விலையைப் போல் பல மடங்கு கன்வர்ட்டருக்கு ஆகும்.

பழுதுக் கோடை இப்போதைக்கு அழிக்காதீர்கள். அழித்தால் ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும்.

பி0302 என்பது "2வது சிலிண்டரில் தீ சரியாகப் பிடிக்கவில்லை" என்பதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. ப்ளக் என்றோ காயில் என்றோ இசியுவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) தெரியாது. கிராங்க் சென்சார் பல் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டர் அடிக்கும்போதும் கிராங்க் ஒரு துளி வேகம் எடுக்க வேண்டும். எடுக்காத முறையை எந்தச் சிலிண்டர் என்று குறித்துக்கொள்கிறது. கன்வர்ட்டருக்கு ஆபத்தா என்பதை 200 சுற்றுகளிலும், புகை அளவு கூடுமா என்பதை 1,000 சுற்றுகளிலும் எண்ணிப் பார்க்கிறது. அவ்வளவுதான் அதன் சாட்சியம்.

அந்த எண்ணிக்கையை நீங்களும் பார்க்கலாம். உங்கள் ஸ்கேனர் ஆப்பில் மோட் 6 இருக்கும். அதில் மானிட்டர் ஏ2 முதல் சிலிண்டர், ஏ3 இரண்டாவது, ஏ4 மூன்றாவது, ஏ5 நான்காவது. ஒவ்வொன்றின் கீழும் டெஸ்ட் 0பி கடைசி 10 ஓட்டங்களின் சராசரி, 0சி இந்த ஓட்டத்தின் எண்ணிக்கை. 2இல் மட்டும் எண் ஏறியிருக்கிறதா, மற்ற மூன்றிலும் சில்லறையாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அடுத்து எங்கே தேடுவது என்பது இந்த ஒரு விஷயத்தில்தான் இருக்கிறது.

கோவை_ஸ்பேனர்

காசு செலவில்லாம கண்டுபிடிக்கிற வழி இருக்கு சார். எஞ்சின் முழுசா ஆறினப்புறம் ஆரம்பிங்க. அலுமினிய ஹெட், சூட்டோட கழட்டினா மரை உரிஞ்சு வந்துடும்.

காயில் கனெக்டர் லாக்கை மெதுவா தள்ளுங்க, பிளாஸ்டிக் பட்டுனு உடையும். 10 மி.மீ. போல்ட்டைக் கழட்டி, காயிலை லேசா அப்படியும் இப்படியும் திருகி நேரா மேலே இழுங்க. காயில் எடுத்ததும் ப்ளக்கைத் தொடாதீங்க. முதல்ல அந்தக் குழிக்குள்ள ஏர் அடிங்க. குழியில கிடக்கிற மண்ணு, ப்ளக்கை எடுத்ததும் நேரா சிலிண்டர்ல விழும். ப்ளக் சாக்கெட் 16 மி.மீ. அல்லது மெல்லிய சுவர் உள்ள 14 மி.மீ., வண்டியைப் பொறுத்தது. உள்ளே ரப்பரோ காந்தமோ இருக்கணும்.

நாலு ப்ளக்கையும் எடுத்து, எந்தச் சிலிண்டரோடதுன்னு எழுதி வரிசையா வைங்க. பெரும்பாலும் டைமிங் செயின் பக்கம் இருக்கிறது 1. அப்புறம் மாத்திப் போடுங்க: 2வது காயில் 3க்கு, 2வது ப்ளக் 4க்கு. அங்க இருந்ததை 2க்குக் கொண்டு வாங்க. காயிலையும் ப்ளக்கையும் ஒரே சிலிண்டருக்குக் கொண்டு போயிடாதீங்க, எதால கோடு நகர்ந்ததுன்னு தெரியாமப் போயிடும். ஓட்டிப் பாருங்க. பி0303 வந்தா காயில். பி0304 வந்தா ப்ளக். பி0302லேயே நின்னா இன்ஜெக்டர், வயரிங், கம்ப்ரஷன்னு பார்க்கணும். போர்ட் இன்ஜெக்டர்னா பொதுவா 12 முதல் 16 ஓம் வரை காட்டும். எஞ்சின் ஓடும்போது நீளமான ஸ்க்ரூ டிரைவரை அது மேல வச்சுக் காதுல கேட்டா நாலும் ஒரே மாதிரி டிக் டிக்குன்னு அடிக்கணும்.

ப்ளக்கைப் பார்க்கும்போது நுனியை மட்டும் பார்க்காதீங்க. வெள்ளை செராமிக்ல மேலிருந்து கீழே பென்சில்ல கோடு போட்ட மாதிரி கறுப்பு இழை இருந்தா, கரண்ட் வெளிப்பக்கமா ஓடியிருக்குன்னு அர்த்தம். காயில் பூட்டுக்குள்ள (ப்ளக் மேல உட்கார்ற ரப்பர் உறை) அதே இடத்துல ஜோடிக் கோடு இருக்கும். ரெண்டையும் சேர்த்து மாத்தணும், ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசைக் கெடுத்துடும். ஆனா செராமிக்கும் இரும்பு உடம்பும் சேர்ற இடத்துல வட்டமா பழுப்புக் கறை இருந்தா அது சாதாரணம், அதை வச்சு ப்ளக்கைத் தூக்கிப் போட வேண்டாம்.

தாம்பரம்_பயணி

சொன்னபடி செய்தேன், அண்ணா. மோட் 6இல் 2வது சிலிண்டர் அதிகம், 3இலும் 4இலும் கொஞ்சம், 1இல் சுழி. நான்கு ப்ளக்குமே கறுப்புதான், உலர்ந்த கரி, விரலால் தேய்த்தால் ஒட்டுகிறது. 2வது மிக மோசம். நடு செராமிக் மூக்கு முழுக்க மூடியிருக்கிறது. எண்ணெய்ப் பசை இல்லை, கறுப்பு இழை இல்லை. மாற்றிப் போட்டபின் வந்த கோடு பி0304. அப்படியானால் ப்ளக் மாற்றினால் முடிந்ததா?

கரிப்படிவு

மிஸ்ஸிங் நின்றுவிடும். ஆனால் காரணம் அப்படியே இருந்தால் புது ப்ளக்கும் இதே கதிக்கு வரும். 9,000 கி.மீ.க்கு ப்ளக் தேய்ந்திருக்க வாய்ப்பில்லை. சாதாரண நிக்கல் ப்ளக்கே பொதுவாக 30,000 முதல் 40,000 கி.மீ. வரை வரும், இரிடியம் என்றால் 1,00,000 பக்கம் போகும். உங்களுடையது கரி பிடித்திருக்கிறது, தேயவில்லை. இந்த இரண்டும் வேறு நோய்.

ப்ளக்கின் செராமிக் மூக்கு ஏறக்குறைய 450 டிகிரியைத் தாண்டினால்தான் படிகிற கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டிக்கொண்டே போனால் பொறிக்கு முன்பே தீப்பிடிக்கும் ஆபத்து தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் வைத்துத்தான் ப்ளக்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். குளிர்ந்த எஞ்சினுக்கு இசியு பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும், ஏனென்றால் குளிர்ந்த சுவரில் பட்டதில் ஒரு பங்கு ஆவியாகாது. நீங்கள் சூடேறுவதற்குள் அணைத்துவிடுகிறீர்கள். அடுத்த ஸ்டார்ட்டில் மறுபடி கூடுதல் பெட்ரோல், மறுபடி கரி. எரித்துத் தள்ளும் வெப்பம் ஒருநாளும் வருவதில்லை.

கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். காயில் கொடுக்கிற ஆயிரக்கணக்கான வோல்ட், இடைவெளியைத் தாண்டிப் பொறியாக விழுவதற்குப் பதில், கரிப்பூச்சு வழியாக இரும்பு உடம்புக்குக் கசிந்துவிடுகிறது. ஐடிலில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, குறைந்த வோல்ட்டிலேயே பொறி தாண்டிவிடும். ஏற்றத்தில் மிதிக்கும்போது காற்று நிறைய உள்ளே வந்து அழுத்தம் ஏறுகிறது, பொறிக்கு வேண்டிய வோல்ட்டும் ஏறுகிறது. அப்போது கசிவுதான் சுலபமான வழி. மேம்பாலத்தில் விக்குவதற்கு இதுதான் காரணம்.

அளந்து பார்க்க முடியும். ப்ளக்கின் மேல் முனைக்கும் இரும்பு உடம்புக்கும் நடுவில் மெக்கரில் (மின்கசிவு அளக்கும் கருவி) 10 மெகா ஓமுக்கு மேல் இருக்க வேண்டும். புது ப்ளக்கில் அளவே காட்டாது. எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் 500 வோல்ட் மெக்கர் நல்லது; மல்டிமீட்டர் என்றால் அதன் உச்ச ரேஞ்சில் வையுங்கள். மல்டிமீட்டரிலேயே மெகா ஓம் கணக்கில் எண் தெரிந்தால் அந்த ப்ளக்கை நம்ப வேண்டாம். மேல் முனைக்கும் நடு எலெக்ட்ரோடுக்கும் நடுவில் அளந்தால் சுமார் 5 கிலோ ஓம் காட்டும், அது உள்ளே இருக்கும் ரெசிஸ்டர், பழுதில்லை.

ஷோரூம் யார்டில் நின்ற வண்டிகளில் இது டெலிவரிக்கு முன்பே வந்துவிடும். இடம் மாற்றுவதற்காக ஸ்டார்ட் செய்து ஐம்பது மீட்டர் ஓட்டி அணைப்பது, மறுநாள் திரும்பவும் அதே. வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு எடுத்து வைத்து உடனே அணைப்பதும் அதே கணக்குதான்.

நெடுஞ்சாலை_நாயகம்

நம்ம பெட்ரோலில் எத்தனால் 20% வந்ததிலிருந்துதான் இதெல்லாம். ப்ளக் கறுக்கிறதுக்கும் அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சூடான ரக ப்ளக் ஒன்று போட்டுவிட்டால் சரியாகிவிடாதா?

ஓபிடி_கண்

ஐயா, இந்த வண்டியில் எண்கள் அப்படிச் சொல்லவில்லை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், இ20க்கு 13.5 பக்கம் போதும். அதே அளவு ஊற்றினால் கலவை மெலிந்துபோகும், அதனால் இசியு கொஞ்சம் கூட்டி ஊற்றும், ட்ரிம் பிளஸ் பக்கம் நகரும். இவருக்கு -4. அதாவது இசியு குறைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறது. எத்தனாலால் வரும் தொல்லை பெரும்பாலும் தண்ணீர் வழியாக வரும்: மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற டேங்கில் ஈரம் சேர்ந்து அடியில் பிரிந்து தங்குவது. அது எல்லாச் சிலிண்டருக்கும் ஒன்றாகப் போகும், குறிப்பிட்ட ஒரு சிலிண்டரைச் சொல்லாத பி0300 வரும்.

சூடான ரகம் வேண்டவே வேண்டாம். நகரத்தில் கரி குறையும், சரிதான். ஆனால் நான்கு பேரோடும் சாமானோடும் ஏற்காடு மலை ஏறும்போது அதே மூக்கு அளவுக்கு மீறிச் சூடாகிப் பொறிக்கு முன்பே தீ மூட்டினால் பிஸ்டனே ஓட்டையாகலாம். கடையில் குழப்பமும் நடக்கும்: என்ஜிகே, டென்சோவில் எண் கூடினால் குளிர்ந்த ரகம், பாஷ், சாம்பியனில் எண் கூடினால் சூடான ரகம். மேனுவலில் இருக்கும் பார்ட் எண்ணையே வாங்குங்கள்.

தாம்பரம் நண்பரே, -4 பயப்படும் அளவில்லை. -10ஐத் தாண்டியிருந்தால் ஒழுகும் இன்ஜெக்டர், திறந்தே நிற்கும் கேனிஸ்டர் பர்ஜ் வால்வு (டேங்கின் பெட்ரோல் ஆவியை எஞ்சினுக்கு விடுவது), மேப் சென்சார் (உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) என்று போக வேண்டியிருக்கும். உங்கள் ஃப்ரீஸ் ஃப்ரேமில் எனக்கு உறுத்துவது கூலன்ட் 52. இரண்டு சோதனை செய்யுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷன் மட்டும் ஆன் செய்து, கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் இரண்டு மூன்று டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். கூலன்ட் சென்சார் நிஜத்தைவிடக் குறைத்துக் காட்டினால் இசியு எப்போதும் குளிர்ந்த எஞ்சின் என்றே நினைத்து ஊற்றும். அடுத்தது, ஜிஎஸ்டி ரோட்டில் நிற்காமல் இருபது நிமிடம் ஓட்டி, கூலன்ட் எங்கே போய் நிற்கிறது என்று கவனியுங்கள். விளக்கு மின்னினால் ஓட்டத்தை அதோடு நிறுத்திவிடுங்கள்.

வடமராட்சி_660

வணக்கம். என்னுடையது 660 சிசி டர்போ, 3 சிலிண்டர், ஜப்பானில் இருந்து வந்த வாகனம். 1வது ப்ளக் மட்டும் எண்ணெய் ஈரமாக இருக்குது, மற்ற இரண்டும் வடிவாக இளம் பழுப்பு நிறம். இதுவும் பெற்றோல் கூடினதாலோ?

கோவை_ஸ்பேனர்

இல்லைங்க. முதல்ல எண்ணெய் எங்க இருக்குன்னு பாருங்க. செராமிக்ல, மரையில மட்டும் இருந்து நுனி காய்ஞ்சிருந்தா, மேலே டேப்பட் கவர்ல இருக்கிற ப்ளக் குழி சீல் விட்டிருக்கு. எண்ணெய் குழியில தேங்கி காயில் பூட்டை ஊற வச்சுடும். சீலையும் பூட்டையும் மாத்தினா போதும்.

நுனியிலேயே எண்ணெய் இருந்தா உள்ளேயிருந்து வருது. ரிங், வால்வு சீல், பிசிவி வால்வு (எஞ்சின் அடியில சேர்ற வாயுவை இழுத்துக்கிற வால்வு), உங்களுக்கு டர்போ சீலும் சந்தேகம். ஆனா டர்போவும் பிசிவியும்னா மூணு சிலிண்டருக்கும் பரவலா போகும். ஒண்ணுல மட்டும்னா ரிங்கோ வால்வு சீலோதான் முதல்ல. கம்ப்ரஷன் பாருங்க. பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிட்டு, எல்லா காயில் கனெக்டரையும் கழட்டிட்டு, ப்ளக் எல்லாத்தையும் எடுத்துட்டு, த்ராட்டிலை முழுசா திறந்து வச்சு அஞ்சாறு அடி சுத்தவிடுங்க. பேட்டரி முழு சார்ஜ்ல இருக்கணும். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10, 15 சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைஞ்ச சிலிண்டர்ல ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா ரிங், ஏறலைன்னா வால்வு. கம்ப்ரஷன் சரியா இருந்து, ராத்திரி நின்னு காலையில ஸ்டார்ட் பண்றப்போ மட்டும் நீலப் புகை வந்தா வால்வு சீல்.

சிஎன்ஜி_சேலம்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும், தலைப்புக்கு ஒட்டியதுதான். பெட்ரோல், சிஎன்ஜி இரண்டிலும் ஓடும் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சோதனைக்கு ஒரு வசதி கையிலேயே இருக்கிறது. கேஸில் மட்டும் மிஸ்ஸிங், பெட்ரோலில் சுத்தம் என்றால் ப்ளக் இடைவெளி தேய்ந்து அகன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேஸ் கலவையில் பொறி தாண்ட அதிக வோல்ட் வேண்டும், அதனால் பலவீனம் அங்கேதான் முதலில் தெரியும். இரண்டிலும் மிஸ்ஸிங் என்றால் காயில், ப்ளக், கம்ப்ரஷன். பெட்ரோலில் மட்டும் என்றால் பெட்ரோல் இன்ஜெக்டர்.

கரிப்படிவு

நல்ல குறிப்பு. இன்னும் இரண்டு விஷயம் நம் ஊரில் அடிக்கடி நடப்பவை. வாட்டர் சர்வீஸில் எஞ்சின் மேல் நேரடியாகப் பிரஷர் தண்ணீர் அடித்தால் ப்ளக் குழியில் நிற்கும், அன்றைக்கே மிஸ்ஸிங் வரும்; காயிலை எடுத்து ஏர் அடித்துக் காயவைத்தாலே சரி. அடுத்தது எலி. இன்ஜெக்டர் வயர் ஒன்று பாதி கடிபட்டிருந்தால் வண்டி அசையும்போது மட்டும் விட்டுவிட்டு மிஸ்ஸிங் வரும், காயிலை எத்தனை மாற்றினாலும் போகாது.

தாம்பரம்_பயணி

சோதனை முடிவு. காலையில் கூலன்ட் 28, காற்று 29. சென்சார் சரி என்று எடுத்துக்கொள்கிறேன். ஆனால் நெடுஞ்சாலையில் 80 கி.மீ. வேகத்தில் கூலன்ட் 66 முதல் 69 வரைதான். டோல்கேட்டில் நின்றபோது 80 பக்கம் போனது, ஓட ஆரம்பித்ததும் மறுபடி இறங்கிவிட்டது. டேஷ்போர்டில் எஞ்சின் ஆறியிருப்பதைக் காட்டும் நீல விளக்கு அணைந்துவிடுவதால் இது தெரியவே இல்லை.

ஓபிடி_கண்

காரணம் அகப்பட்டது. தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும்வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) திறந்தே நிற்கிறது. நிற்கும்போது ஏறி, ஓடும்போது காற்று பட்டதும் இறங்குவதுதான் அதன் அடையாளம். கையாலும் உறுதிப்படுத்தலாம்: குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்துவிட்டு, ஃபேன், பெல்ட் பக்கம் கை போகாமல், ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் கூலன்ட் 80ஐ நெருங்கும்வரை ஹோஸ் ஆறியே இருந்து, பிறகு சட்டென்று சூடாகும். ஆரம்பத்திலிருந்தே எஞ்சினோடு சேர்ந்து மெல்ல மெல்லச் சூடேறினால் திறந்து கிடக்கிறது.

இதற்கென்றே பி0128 என்று ஒரு கோடு உண்டு. அது ஏன் வரவில்லை என்றால், இசியு அந்தச் சோதனையை முடிக்கக் கொஞ்ச தூரமாவது தொடர்ந்து ஓட வேண்டும். இரண்டு கிலோமீட்டரில் அணைத்தால் சோதனை ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடும். குறும்பயணம் ஏற்கெனவே கரியைச் சேர்த்தது, தெர்மோஸ்டாட் அதைக் கூட்டியது, கோடு மட்டும் ப்ளக் பக்கம் கை காட்டியது.

தெர்மோஸ்டாட் தேய்மானப் பொருள் இல்லை, வாரன்டியில் கேளுங்கள். ஜாப் கார்டில் பி0302, கூலன்ட் 66 முதல் 69, காயில் மாற்றிப் போட்டும் கோடு காயிலோடு நகரவில்லை என்பதை எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் நான்கு காயில் எஸ்டிமேட் தானாக விழுந்துவிடும்.

கோவை_ஸ்பேனர்

ப்ளக் நாலையும் மாத்திடுங்க. பழசைக் கம்பி பிரஷ்ல தேய்ச்சுப் போடுற வேலை வேண்டாம். இரிடியம் நுனி அரை மி.மீ. பக்கம்தான் இருக்கும், ஒரு தேய்ப்புக்குத் தாங்காது. நிக்கல்னாலும் பிரஷ் கம்பியோட உலோகம் செராமிக்ல ஒட்டி அதுவே கரண்டுக்கு வழி ஆகிடும்.

கம்பெனி பார்ட்ஸ் கவுன்ட்டர்லயே வாங்குங்க, போலி நிறைய சுத்துது. நடு எலெக்ட்ரோடு செராமிக்குக்கு நட்ட நடுவுல நிக்கணும், மரை சொரசொரப்பில்லாம இருக்கணும், எழுத்து விரலால தேய்ச்சா அழியக் கூடாது. இரிடியம்னு எழுதிட்டு நுனி தடிமனா இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. இடைவெளி பார்க்கிறதுன்னா கம்பி கேஜ். நாணய வடிவ கேஜை நடுவுல நுழைச்சு நெம்பாதீங்க.

மாட்டும்போது சாக்கெட்டோட எக்ஸ்டென்ஷனை மட்டும் கையில பிடிச்சு, கையாலேயே அடிவரை திருகுங்க. ரெண்டு சுத்துல இறுகினா மரை மாறிடுச்சு, பின்னாடி எடுத்துடுங்க. மேனுவல்ல இருக்கிற டார்க்தான் முதல். பொதுவா 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20 நியூட்டன் மீட்டர், 14 மி.மீ. மரைக்கு 25 முதல் 30. டார்க் ரெஞ்ச் இல்லைன்னா, 14 மி.மீ. மரை, வாஷர் உள்ள புது ப்ளக்குக்குக் கையால இறுகின இடத்துல இருந்து அரைச் சுத்து, மிஞ்சினா மூணுல ரெண்டு பங்கு. 12 மி.மீ. மரைன்னா கட்டாயம் டார்க் ரெஞ்ச் வாங்கிக்கோங்க. மரையில கிரீஸோ ஆன்டி சீஸோ தடவாதீங்க, ப்ளக்ல ஏற்கெனவே பூச்சு இருக்கு; தடவினா அதே டார்க்ல கூடுதலா இறுகி மரை இழுத்துக்கும். டை எலெக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சமா பூட்டோட உள் விளிம்புல மட்டும்.

இன்னொண்ணு, டிப்ஸ்டிக் எடுத்துப் பாருங்க. ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ பெட்ரோல் வாடை அடிச்சாலோ, சர்வீஸ் தேதிக்குக் காத்திருக்காம மாத்திடுங்க. எரியாத பெட்ரோல் ரிங் வழியா இறங்கி ஆயிலைத் தண்ணியாக்கியிருக்கும்.

தாம்பரம்_பயணி

டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது, வாடையும் இருக்கிறது. ஆயிலும் மாற்றிவிடுகிறேன். தெர்மோஸ்டாட்டை வாரன்டியில் ஏற்றுக்கொண்டார்கள், பார்ட் வர வேண்டும். அதற்கு முன்பே புது ப்ளக் போடலாமா?

கரிப்படிவு

வேண்டாம். தெர்மோஸ்டாட் முதலில், ப்ளக் அதோடு சேர்த்து. பார்ட் வரும்வரை ஓட்டத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஏற்றத்தில் மிதிக்க வேண்டாம். மாற்றியபின் கூலன்ட் சிஸ்டத்தில் காற்று வெளியேற்றினார்களா என்று கேளுங்கள். காற்று தங்கினால் சென்சார் தப்பாகக் காட்டும். பழுதுக் கோடை அழித்தால் ட்ரிம்மும் சுழியிலிருந்து தொடங்கும், முதல் சில ஓட்டங்களில் ஐடில் கொஞ்சம் ஆடலாம்.

பிறகு வாரத்துக்கு ஒரு தடவையாவது, எஞ்சின் சூடேறிய பின், மூன்றாவது நான்காவது கியரில் 3,000 ஆர்பிஎம் பக்கம் வைத்து இருபது முப்பது நிமிடம் ஓட்டுங்கள். நின்ற இடத்தில் ரேஸ் கொடுப்பதால் பயனில்லை. லோடு இல்லாமல் மூக்கு சூடாகாது. 1,000 கி.மீ. ஆனதும் 2வது ப்ளக்கை மட்டும் கழற்றிப் பாருங்கள். வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால், திருப்பி மாட்டும்போது 14 மி.மீ. மரையில் கையால் இறுகிய இடத்திலிருந்து பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். மூக்கு இளம் பழுப்பாக இருந்து மோட் 6இல் நான்கும் சுழி என்றால் மற்ற மூன்றையும் கழற்ற வேண்டியதில்லை.